நவுறுவின் கல்லும் அவுஸ்திரேலியாவின் புல்லும்

நவுறு என்ற பெயரை எங்கட ஆக்கள் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்தது குறைவு. படகுக் கதைகளில் கேட்டதுதான் கூட. 2007 இல் கிறிஸ்மஸ் தீவுக்குப் பக்கத்தில் மறிக்கப்பட்ட ஒரு படகில் 80க்கும் மேற்பட்ட இலங்கையர் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் தமிழர். அவுஸ்திரேலிய அரசு அவர்களை நவுறுவுக்கு அனுப்பியது. 2012 க்குப் பிறகும் தமிழர்கள் அங்கே கொண்டுபோய் அடைக்கப்பட்டார்கள். அந்தத் தீவின் பரப்பளவு வெறும் 21 சதுர கிலோமீற்றர். எங்கட நெடுந்தீவின் அரைவாசியும் வராது.

இவ்வளவு சின்ன ஒரு நாடு, இன்னொரு நாட்டின் தடுப்பு முகாமைத் தன் மண்ணில் வைத்திருக்க ஏன் ஒத்துக்கொண்டது? காசில்லாததால் என்று சொல்லலாம். ஏன் காசில்லை என்று கேட்டால், விற்க இருந்த ஒரே பொருள் முடிந்துபோய்விட்டது. அந்தப் பொருள் அந்தத் தீவின் மண்தான். அது எங்கே போனது? பெரும்பகுதி அவுஸ்திரேலியாவினதும் நியூசிலாந்தினதும் வயல்களுக்கும் மேய்ச்சல் தரைகளுக்கும் போனது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல் வளர்க்கப் போனது.

2021 இல் எங்கட நாட்டில் ‘இரசாயனப் பசளையா, சேதனப் பசளையா’ என்று எல்லாரும் சண்டை பிடித்தோம். அந்தச் சண்டையில் ஆரும் பெரிதாகக் கேட்காத ஒரு கேள்வி இந்தக் கதைக்குள் இருக்கு. அதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எலும்பு தின்னும் மாடுகள்

சில வறண்ட மேய்ச்சல் தரைகளில் மாடுகள் எலும்பு தின்னும். செத்துக் கிடக்கும் மிருகத்தின் எலும்பைத் தேடிப் போய்க் கடிக்கும். தென்னாபிரிக்காவின் வ்ரைபேர்க் பகுதியில் இப்படி எலும்பு கடித்த மாடுகள் கால் முடங்கி விழுந்து செத்துக்கொண்டிருந்தன. 1919–20 அளவில் ஆர்னோல்ட் தைலர் என்ற மிருகவைத்தியரும் அவருடைய ஆக்களும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். மாட்டைக் கொன்றது அழுகிய உடல்களில் இருந்த பொட்டுலிச நஞ்சு. ஆனால் மாடு ஏன் அந்த எலும்பைத் தேடிப் போனது? மண்ணில் பொசுபரசு போதாது. அதனால் புல்லிலும் போதாது. மாட்டின் உடம்பு தனக்கு இல்லாததை எலும்பில் தேடியது. எலும்புத் தூளைத் தீனியோடு கொடுத்தபோது எலும்பு கடிக்கும் பழக்கம் நின்றது.

பொசுபரசு இல்லாமல் எலும்பு இல்லை, பல் இல்லை. பயிரிலும் விலங்கிலும் ஒரு கலமும் அது இல்லாமல் இயங்காது. நைதரசன் காற்றில் நிறைய இருக்கு; அவரை இனத் தாவரங்களின் வேரில் வாழும் பக்ரீரியாக்கள் அதைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். பொசுபரசுக்கு அந்த வழி இல்லை. பாறையில் இருந்துதான் மண்ணுக்கு வர வேண்டும். மண்ணில் இருந்து புல்லுக்கு, புல்லில் இருந்து மாட்டுக்கு, மாட்டில் இருந்து சாணமாக, எலும்பாகத் திரும்ப மண்ணுக்கு. இந்த வட்டத்தில் ஒரு இடத்தில் வெட்டி எடுத்துக்கொண்டு போனால், வேறொரு இடத்தில் இருந்து கொண்டுவந்து போட வேண்டும். ஒரு தொழிற்சாலையாலும் பொசுபரசைப் புதிதாக உருவாக்க முடியாது. இடம் மாற்ற மட்டும்தான் முடியும்.

அவுஸ்திரேலியாவின் மண் சரியான பழைய மண். கோடிக்கணக்கான வருசங்களாக மழையும் வெயிலும் பட்டுத் தேய்ந்தது. பெரும்பாலான இடங்களில் புதுப் பாறையை மேலே கொண்டுவர எரிமலையோ, பாறையை அரைத்துத் தள்ளப் பனிப்பாறையோ அண்மைய காலத்தில் இருக்கவில்லை. அங்கத்தைய மரஞ்செடிகள் அதுக்கேற்ற மாதிரி வாழப் பழகின. பாங்சியா என்ற மரம் தூரிகை மாதிரி நெருக்கமான வேர்க்கொத்துகளை விட்டு, அமிலங்களைக் கசியவிட்டு, இருக்கிற துளிப் பொசுபரசையும் எடுத்துக்கொள்ளும். பொசுபரசைக் கூடப் போட்டால் அந்த மரம் நஞ்சு பட்டது மாதிரிக் கருகும்.

ஆகவே ‘வளமில்லாத மண்’ என்ற பேச்சை ஒருக்கா நின்று யோசிக்க வேண்டும். அந்த மண் பாங்சியாவுக்குக் காணும். ஆதிக்குடிகள் பல்லாயிரம் வருசம் அதில் வாழ்ந்தார்கள். அவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்த குடியேறிகளுக்குக் கோதுமையும் கம்பளியும் வேண்டியிருந்தது. அந்தக் கோதுமைக்கும் அந்தச் செம்மறிக்கும்தான் மண் வளமில்லாமல் போனது.

எலும்பில் இருந்து கல்லுக்கு

பொசுபரசை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஹம்பேர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட். 1669 இல், தங்கம் செய்யலாம் என்ற ஆசையில் மனித சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தபோது, இருட்டில் ஒளிரும் ஒரு பொருள் கிடைத்தது. அது பசளைக்குத் தேவை என்று தெரிய இன்னும் நெடுநாள் எடுத்தது. ஆனால் எலும்பை இடித்து வயலில் போட்டால் பயிர் எழும்பும் என்பது கமக்காரருக்கு அனுபவத்தில் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஐரோப்பா முழுக்க எலும்பு வாங்கியது. பழைய போர்க்களங்களைக்கூட இங்கிலாந்து தோண்டி எலும்பு எடுக்குது என்று ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக் குற்றம் சாட்டினார்.

எலும்பு மெல்லத்தான் கரையும். 1842 இல் ஜோன் பெனற் லோஸ் என்ற ஆங்கிலேயர், எலும்பையும் பொசுபேற்றுக் கல்லையும் சல்பூரிக்கமிலத்தில் ஊறவைத்து, தண்ணீரில் கரையும் பசளை செய்யக் காப்புரிமை எடுத்தார். அதுதான் சுப்பர் பொசுபேற்று. அடுத்த வருசமே லண்டனுக்குப் பக்கத்தில் தொழிற்சாலை. அதே 1843 இல் தன் சொந்தப் பண்ணையான ரொதம்ஸ்டெட்டில் பரிசோதனைகளைத் தொடங்கினார். அங்கே 1856 இல் ஒரு புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பசளை போட்டார்கள். அந்தப் பரிசோதனை இன்றைக்கும் நடக்குது. ஒரு பசளையும் போடாத துண்டில் பலவகைப் புல்லும் பூவும் நிற்கும். பசளை கூடின துண்டுகளில் புல் உயரமாக நிற்கும், ஆனால் வகை குறைவு.

எலும்பு எடுத்த வரைக்கும் பழைய வட்டம் ஓரளவு இருந்தது. கல்லை எடுக்கத் தொடங்கிய பிறகு, எந்த ஊரில் கல் இருக்கோ அந்த ஊருக்குச் சனி பிடித்தது.

கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

1899 இல் சிட்னியில் ஒரு வணிகக் கம்பனியின் கந்தோரில் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல் கிடந்தது. நவுறுவில் இருந்து ஆரோ கொண்டுவந்தது. கல்லாகிப்போன மரம் என்று நினைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்த அல்பேர்ட் எலிஸ் சந்தேகப்பட்டுப் பரிசோதித்தார். முதல் தரப் பொசுபேற்று.

நவுறு அப்போது ஜேர்மனியின் கையில். ஆகவே எலிஸ் 1900 மே மாதம் பக்கத்தில் இருந்த பனாபா தீவுக்குப் போனார். அதன் பரப்பளவு சுமார் 6 சதுர கிலோமீற்றர். அங்கே ‘அரசர்’ என்று தான் எடுத்துக்கொண்ட ஒருவரிடம் ஒப்பந்தத்தில் அடையாளம் வாங்கினார். 999 வருசத்துக்குக் கல் எடுக்கும் உரிமை. விலை, வருசத்துக்கு 50 பவுண், அல்லது அந்தப் பெறுமதிக்குச் சாமான். பனாபா மக்களின் காணிகள் தனித்தனிக் குடும்பங்களுக்குச் சொந்தம். முழுத் தீவையும் எழுதிக் கொடுக்கிற அதிகாரம் அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை. காணி உறுதி என்றால் என்ன என்று தெரிந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலியப் படை நவுறுவைப் பிடித்தது. 1919 இல் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் தங்களுக்குள் ஒரு உடன்படிக்கை செய்தன. நவுறுவின் பொசுபேற்று மூன்று நாடுகளின் விவசாயத்துக்கும் அடக்க விலைக்குப் போகும். ‘அடக்க விலை’ என்றால், தோண்டிக் கப்பலில் ஏற்றுகிற செலவு. மண்ணின் பெறுமதி அந்தக் கணக்கில் அநேகமாக இல்லை. அதாவது அவுஸ்திரேலியப் பண்ணையாரின் பசளைச் செலவில் ஒரு பங்கை நவுறு மக்கள் தங்கள் காணியால் கட்டினார்கள்.

1945 டிசம்பரில் பனாபா மக்கள் பீஜியில் உள்ள ராபி என்ற தீவுக்குக் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். போரில் சிதறிப்போன சனத்தைச் சொந்தத் தீவுக்குத் திருப்பிக் கொண்டுவராமல், வேறு தீவில் கூடாரத்தில் விட்டார்கள். பனாபாவில் தோண்டுவது 1979 வரை நடந்தது.

குளோவரும் சுப்பரும்

இனி அந்தக் கல் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்ப்போம். 1889 இல் தென் அவுஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் பக்கத்தில் ஏமஸ் ஹவார்ட் என்பவர் ஒரு குளோவர்ச் செடியைக் கவனித்தார். மத்தியதரைக் கடற்பக்கத்துச் செடி. எப்படியோ வந்து முளைத்திருக்கு. பூத்த பிறகு அது தன் விதையை, கச்சான் மாதிரி, மண்ணுக்குள் புதைக்கும். மாரி மழைக்கு முளைக்கும், கோடையில் காய்ந்து போகும், விதை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். கோடை வறட்சி உள்ள மேய்ச்சல் தரைக்கு இதைவிடத் தோதான செடி கிடைக்காது. வேரில் நைதரசனும் பிடிக்கும். ஹவார்ட் அதைப் பரப்பப் பத்திரிகைகளுக்கு எழுதினார், விதை விற்றார்.

ஆனால் பொசுபரசு இல்லாத மண்ணில் குளோவர் எழும்பாது. சுப்பர் பொசுபேற்றைத் தூவினால் எழும்பும். குளோவர் எழும்பினால் நைதரசன் சேரும், நைதரசன் சேர்ந்தால் மற்றப் புல்லும் எழும்பும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்தில் இருந்து சுப்பரைத் தூவத் தொடங்கினார்கள். ஒரு ஆடு நின்ற இடத்தில் பல ஆடு நின்றது. 1963 இல் இருந்து அவுஸ்திரேலிய அரசு சுப்பருக்கு மானியமும் கொடுத்தது. அந்த நாட்டின் கம்பளிச் செல்வத்துக்குக் கீழே இந்த இரண்டு பொருளும் கிடக்கு: மத்தியதரைச் செடி ஒன்று, பசுபிக் தீவுக் கல் ஒன்று.

போட்டது எங்கே போகுது?

இங்கேதான் மண்ணின் கதை சிக்கலாகும். சுப்பர் தண்ணீரில் கரையும். அதனால் செடிக்கு உடனே கிடைக்கும் என்று நினைப்போம். கிடைக்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணில், எங்கட வலிகாமத்து மண் மாதிரி, கல்சியம் பிடிக்கும். போட்ட வருசத்தில் பயிர் எடுக்கிறது பொதுவாகக் காற்பங்கும் வராது. மிச்சம் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அது தொலையவில்லை, பூட்டுப்பட்டுக் கிடக்குது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும், வருசக் கணக்கில்.

வறண்ட தரையில் இன்னொரு தொல்லையும் இருக்கு. பொசுபரசு மண்ணில் ஓடித் திரியாது. மண் துகளைச் சுற்றி இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலத்துக்குள்ளால் மில்லிமீற்றர் கணக்கில் அரக்கி அரக்கித்தான் வேருக்குப் போகும். மண் காய்ந்தால் அந்தப் பாதை அறுந்துபோகும். மேய்ச்சல் தரையை உழுவதில்லை. மேலே தூவிய பசளை மேல் மண்ணிலேயே நிற்கும். கோடையில் முதலில் காய்வதும் அந்த மேல் மண்தான். கீழே ஈரம் இருக்கும், பொசுபரசு இருக்காது. மேலே பொசுபரசு இருக்கும், ஈரம் இருக்காது. மண் பரிசோதனை அறிக்கையில் ‘போதுமான அளவு’ என்று இருக்கும், செடி பசியில் நிற்கும்.

பல பத்தாண்டுகள் குளோவரும் சுப்பரும் போட்ட தரைகளில் மண் மெல்ல அமிலமாகியது. அமிலம் கூடினால் அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். வெளியில் இருந்து பார்த்தால் பச்சை. கணக்குப் புத்தகம் கீழே வேறு மாதிரி.

அப்ப, கூட்டெரு?

கூட்டெருவின் பலம் உண்மையானது. அதில் இருக்கும் பொசுபரசில் ஒரு பங்கு ஏற்கனவே கரையக்கூடிய நிலையில் இருக்கும். இன்னொரு பங்கு சேதனப் பொருளோடு பிணைந்திருக்கும். நுண்ணங்கிகள் அதை உடைத்துத்தான் விட வேண்டும். எரு உக்கும்போது வரும் சேதன அமிலங்கள் இரும்பு, அலுமினியத்தின் பிடிக்கும் இடங்களைத் தாங்கள் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதனால் பொசுபரசு பூட்டுப்படுவது கொஞ்சம் குறையும். எல்லாத்தையும் விட முக்கியம், எரு ஈரத்தைப் பிடித்து வைக்கும். வறண்ட தரையில் ஈரம் நின்றால் பொசுபரசு நடக்கும் பாதையும் நிற்கும்.

பலவீனமும் உண்மையானது. காய்ந்த மண்ணில் நுண்ணங்கிகள் வேலை செய்யாது. மழை வந்தால்தான் உசும்பும். அளவுக் கணக்கு இன்னும் கஷ்டம். 100 கிலோ சாதாரண சுப்பரில் ஏறத்தாழ 9 கிலோ பொசுபரசு இருக்கும். உலர்ந்த கூட்டெருவில் நூற்றுக்கு அரைப் பங்களவு பொசுபரசு இருக்கு என்று வைத்தாலும், அதே 9 கிலோவுக்கு 1800 கிலோ உலர் எரு வேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் இன்னும் கூட. ஒரு தோட்டத்துக்கு இது சரி. ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் வறண்ட மேய்ச்சல் தரைக்கு எந்த மாட்டின் சாணத்தை எந்த லொறியில் ஏற்றுவது? அதைவிட, நைதரசன் தேவைக்குக் கணக்குப் பார்த்து எருவை அள்ளிப் போட்டால் பொசுபரசு தேவைக்கு மேல் சேரும். எரு என்பதால் அளவு தேவையில்லை என்று இல்லை.

இன்னொரு கேள்வி: அந்த எரு எங்கிருந்து வந்தது? எங்கட பக்கம் புகையிலைத் தோட்டத்திலும் வயலிலும் ஆடு மாட்டுப் பட்டி அடைக்கிறது பழைய வழக்கம். பகல் முழுக்கத் தரவையில் மேய்ந்த மாடு, இரவில் தோட்டத்தில் சாணம் போடும். தோட்டத்தின் வளம் தரவையில் இருந்து நடந்து வந்தது. அவுஸ்திரேலியச் செம்மறி இரவில் மேட்டில் படுத்துச் சரிவின் வளத்தை மேட்டுக்குக் கொண்டுபோவதும் இதே கணக்குத்தான். எரு பொசுபரசைத் திருப்பிக் கொடுக்கும், சுற்றவிடும். மண்ணில் இல்லாததை அது படைக்காது. பொசுபரசே குறைந்த தரையில் மேய்ந்த மாட்டின் சாணத்திலும் பொசுபரசு குறைவாகத்தான் இருக்கும். தென்னாபிரிக்க மாடுகள் எங்களுக்குச் சொன்னது அதுதான்.

எப்பாவல

இந்தக் கதைக்கும் எங்கட நாட்டுக்கும் இரண்டு நேரடித் தொடுப்பு இருக்கு.

ஒன்று, ஒரு மனிதர். நவுறு 1968 ஜனவரி 31 இல் சுதந்திரம் பெற்றது. தோண்டப்பட்ட நிலத்தை ஆர் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று விசாரிக்க 1980களின் பிற்பகுதியில் ஒரு ஆணைக்குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் கொழும்பில் பிறந்த, எங்கட உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்த கிறிஸ்ரபர் வீரமந்திரி. சுதந்திரத்துக்கு முன் தோண்டிய நிலத்துக்கு அந்த மூன்று நாடுகளும் பொறுப்பு என்று ஆணைக்குழு முடிவு செய்தது. 1989 இல் நவுறு சர்வதேச நீதிமன்றத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக வழக்குப் போட்டது. 1993 இல் 10.7 கோடி அவுஸ்திரேலிய டொலருக்கு இணக்கம் வந்தது. ஆனால் தீவின் நடுவில் இன்றைக்கும் கூர்கூராகச் சுண்ணாம்புக் கல் தூண்கள்தான் நிற்குது. 2001 இல் முகாம் வந்தது அந்த வறுமைக்குள்தான். கிறிஸ்மஸ் தீவையும் 1888 இல் பிரித்தானியா தனதாக்கியது பொசுபேற்றுக்காகத்தான். எங்கட ஆக்களை மறித்து வைத்த இரண்டு தீவும் பொசுபேற்றுத் தீவுகள்.

இரண்டாவது, அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவல. 1971 இல் அங்கே பெரிய பொசுபேற்றுப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. 1990களில் ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு அதைக் கொடுத்து, 30 வருசத்துக்குள் பெருமளவில் தோண்டி எடுக்க அரசு திட்டம் போட்டது. ஊர் ஆக்கள், கமக்காரர், விகாரையின் பிக்கு என்று சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூனில் நீதிமன்றம் திட்டத்தை மறித்தது. நாட்டின் வளத்துக்கு அரசு சொந்தக்காரன் மாதிரி நடக்க முடியாது, பின்னால் வரும் தலைமுறைக்கும் சேர்த்து நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்ட கருத்துகளில் ஒன்று, பழைய குளங்களைப் பற்றி வீரமந்திரி சர்வதேச நீதிமன்றத்தில் எழுதியது.

எப்பாவலக் கல்லை அரைத்துத் தேயிலை, இறப்பர், தென்னைக்குப் போடுவார்கள். மலையகத்து அமில மண் அதை மெல்லக் கரைக்கும். குறுகிய காலப் பயிரான நெல்லுக்கு அது கரைந்து முடிய அறுவடை முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் கரையவே கரையாது. அதனால்தான் வீட்டுக்குள் கல் இருந்தும் நெல்லுக்கு ரி.எஸ்.பி இறக்கினோம்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்ப விட்டார்கள். அதுக்குள் அந்தப் பெரும்போகம் போய்விட்டது. சேதனம் நல்லதா கூடாதா என்று கதைத்த அளவுக்கு, இத்தனை வயலுக்கும் தேவையான பொசுபரசு எந்த எருவில், எந்த ஊரில் இருந்து வரும் என்று கணக்குப் பார்க்கவில்லை. பழைய வருசங்களில் போட்ட ரி.எஸ்.பி எந்த மண்ணில் எவ்வளவு பூட்டுப்பட்டுக் கிடக்கு, எருவும் ஈரமும் சேர்த்து அதில் எவ்வளவை விடுவிக்கலாம் என்றும் பார்க்கவில்லை. அந்தக் கணக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, இருக்கிறதை எருவால் சுற்றவிட்டு, குறைகிற இடத்துக்கு மட்டும் கல்லில் இருந்து எடுத்துப் போடுவது ஒரு போகத்தில் முடிகிற வேலை இல்லை. வர்த்தமானி போட்டும் முடியாது.

அடுத்த முறை ஆராவது பசளை மூட்டையைக் காட்டி ‘விசம்’ என்றோ, எருக் கும்பியைக் காட்டி ‘பிற்போக்கு’ என்றோ சொன்னால், இது எங்கே இருந்து வந்தது என்று ஒருக்கா கேளுங்கோ. அவுஸ்திரேலியாவில் அந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் நூறு வருசம் புல் வளர்த்தார்கள்.